எதிர்த்து நின்றவருக்கு என்ன நேர்கிறது?

தொழிற்சங்கத் தேர்தலில் கள்ள ஓட்டு விழுந்தால் சீட்டுகளை எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். தோற்ற அணிக்காக உழைத்தவருக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை வராமல் போனால் அதை எதைக் கொண்டு எண்ணுவது? ஆணை எதுவும் எழுத்தில் இருக்காது. இருந்தாலும் அதில் வேறொரு காரணம் சொல்லப்பட்டிருக்கும்: சீரமைப்பு, செலவுக் குறைப்பு, ஒத்துழையாமை. சங்கத்துக்குள் நடக்கும் அரசியல் பழிவாங்கல் பற்றிய புகார்கள் எல்லாம் இந்த இருட்டுக்குள்தான் எழுகின்றன. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டமும் 65 ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கு வரலாறும் உண்டு. சங்கத்தை நேசிக்கிறவர்கள் அந்த வரலாற்றை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாளியிடம் பேச அஞ்சும் தொழிலாளி வந்து சேரும் இடம் சங்கம். அங்கேயும் வாய் திறக்க அஞ்சினால் அவர் போவதற்கு வேறு இடமில்லை.

1957இல் அமெரிக்க செனட், ஜான் மெக்லெல்லன் தலைமையில் ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. அதன் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி. சங்க நிதிக் கையாடல், அடியாட்கள், பெயருக்கு நடக்கும் தேர்தல் என்று விசாரணையில் வெளிவந்தவை நாட்டை உலுக்கின. அதன் விளைவுதான் 1959 செப்டம்பரில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட லேண்ட்ரம்-கிரிஃபின் சட்டம். அதே சட்டம் சங்கங்களின் மறியல் உரிமையையும் புறக்கணிப்புப் போராட்டங்களையும் நெருக்கியது. ஆகவே சங்கத் தலைமைகள் அதை எதிரி கொடுத்த ஆயுதமாகவே பார்த்தன. அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் சட்டத்தின் முதல் பகுதி சாதாரண உறுப்பினருக்குத் தலைமையை எதிர்த்துப் பேசவும், கூடவும், கேள்வி கேட்கவும், வழக்குத் தொடுக்கவும் உரிமை தந்தது. குற்றச்சாட்டை எழுத்தில் தராமல், விசாரிக்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்றது. இன்னொரு பகுதி உள்ளூர்க் கிளைகளில் 3 ஆண்டுக்கு ஒருமுறையும் தேசியத் தலைமைக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் தேர்தல் நடத்தக் கட்டாயப்படுத்தியது. பிடித்த வேட்பாளரை ஆதரித்ததற்காக எந்த உறுப்பினருக்கும் தண்டனையோ இடையூறோ எந்த வகைப் பழிவாங்கலோ நேரக் கூடாது என்று பச்சையாகவே எழுதிவைத்தது.

எழுதிவைத்த பத்தாம் ஆண்டில் அந்தச் சொற்களுக்குச் சோதனை வந்தது.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை ஜான் எல். லூயிஸ் 40 ஆண்டு ஆண்டார். அவருக்குப் பின் 1963இல் தலைவரானவர் டோனி பாயில். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டபோது, பாயில் அங்கே போய் நின்று கம்பெனியைப் பாராட்டிப் பேசினார். தொழிலாளர் மனம் அன்றே முறிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே இருந்த ஜாக் யப்லான்ஸ்கி தலைவர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். சங்கத்தின் அரசியல் பிரிவுக்கு அவர் பொறுப்பாளராக இருந்தார். அறிவித்த கையோடு அந்தப் பொறுப்பு பறிபோனது. நீதிமன்றம் போய்த்தான் அதைத் திரும்பப் பெற்றார். சங்கப் பத்திரிகை பாயிலின் புகழ் பாடியது. எதிர் வேட்பாளர் அதில் இல்லவே இல்லை. அதற்கும் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஒரு கூட்டத்தின்போது யாரோ பின்னாலிருந்து அடித்ததில் அவர் நினைவிழந்து விழுந்தார். தேர்தல் நெருங்கும் வேளையில் ஓய்வூதியம் மாதம் 115 டாலரிலிருந்து 150 டாலராக உயர்ந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கும் அந்தச் சங்கத்தில் ஓட்டு உண்டு.

யப்லான்ஸ்கி தரப்பு மத்தியத் தொழிலாளர் துறையிடம் மன்றாடியது. அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் தேர்தலுக்கு முன் விசாரிக்க மறுத்தார். ஓட்டுப்பதிவு முடிந்தபின்தான் விசாரணை என்பது துறையின் வழக்கம். டிசம்பர் 9 அன்று பாயில் ஏறத்தாழ 80,000க்கு 46,000 என்ற கணக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. யப்லான்ஸ்கி முடிவை எதிர்த்து முறையிட்டார். 1969இன் கடைசி இரவில் பென்சில்வேனியாவில் தம் வீட்டில் மனைவி மார்கரெட், மகள் சார்லட் இருவரோடும் தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கூலி 20,000 டாலர். அந்தப் பணம் சங்க நிதியிலிருந்து, தொழிலாளரின் சந்தாவிலிருந்து போனது. 1972 மே மாதம் நீதிபதி வில்லியம் பிரையன்ட் தேர்தலை ரத்து செய்தார். டிசம்பரில் தொழிலாளர் துறையின் மேற்பார்வையில் நடந்த மறுதேர்தலில் ஆர்னல்ட் மில்லர் வென்றார். கருநுரையீரல் நோயுற்ற சுரங்கத் தொழிலாளி அவர். பாயில் கொலைக் குற்றவாளி என 1974இல் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1978இல் மறுபடி தீர்ப்பானது. 1985இல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார்.

இந்தக் கதையைக் கொலைக் கதையாக மட்டும் நினைவில் வைத்திருப்பது ஆபத்து. கொலை கடைசிப் படி. அதற்கு முந்திய படிகள் எல்லாம் அன்றாடம் எந்தச் சங்கத்திலும் நடக்கக்கூடியவை: பொறுப்பைப் பிடுங்குவது, பத்திரிகையில் மறைப்பது, கூட்டத்தில் மிரட்டுவது, பணத்தால் ஓட்டைத் திருப்புவது. முதல் படியிலேயே நீதிமன்றம் ‘இது பழிவாங்கல்’ என்று கண்டது. ஆனால் தேர்தலைக் காக்க வேண்டிய அரசுத் துறை மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. யப்லான்ஸ்கி முதலில் கேட்டது மறுதேர்தலை அல்ல, ஒழுங்காக ஒரு முதல் தேர்தலை.

உறுப்பினர் உரிமை நேரடியாகத் தாக்கப்பட்ட வழக்குகளில் நீதிமன்றங்கள் உறுதியாகவே நின்றிருக்கின்றன. நியூயார்க்கில் பெயின்டர் சங்கக் கிளையொன்றின் நிதிச் செயலாளர் சால்ட்ஸ்ஹாண்ட்லர், தலைவர் பணத்தைக் கையாடினார் என்று துண்டறிக்கை விட்டார். சங்கத்தின் விசாரணைக் குழு அவதூறு என்று சொல்லி 5 ஆண்டுக்குக் கூட்டங்களில் கலந்துகொள்ளவே தடை விதித்தது. 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உடைத்தது. பேச்சு அவதூறா என்று தீர்மானிக்க நாட்டின் நீதிமன்றம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட தலைமையின் கீழ் இயங்கும் குழு அதற்கு நீதிபதியாக முடியாது என்பது அதன் சாரம். கப்பல் மாலுமிகள் சங்கத்தில் தலைமையின் போக்கைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்ததற்காக ஜான் கோல் என்ற உறுப்பினர் நீக்கப்பட்டார். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னதோடு வழக்குச் செலவு 5,500 டாலரையும் சங்கமே தரவேண்டும் என்ற உத்தரவை 1973இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒருவர் தம் பணத்தைச் செலவழித்து வாங்கும் பேச்சுரிமை எல்லா உறுப்பினருக்கும் பயன் தருகிறது, ஆகவே செலவைப் பொதுநிதி தாங்கட்டும் என்றது நீதிமன்றம். தனி ஆளாக வழக்குமன்றப் படியேறும் தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய துணை வேறொன்று கிடைத்ததாகத் தெரியவில்லை.

பதவியும் சம்பளமும் குறுக்கே வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒஹையோ மாநிலம் டொலிடோவில் டீம்ஸ்டர்ஸ் லாரித் தொழிலாளர் சங்கத்தின் 20ஆம் கிளையில் 1977இல் ஆட்சி மாறியது. வென்ற ஹெரல்ட் லூ, தோற்றவருக்கு வேலை செய்த முழுநேர ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, முந்தைய தலைவரால் நியமிக்கப்பட்டவர்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக லூ செய்தது செல்லும் என்றது: அவர்கள் இன்னும் சங்க உறுப்பினர்களே, பேசலாம், ஓட்டுப் போடலாம், அடுத்த தேர்தலில் நிற்கலாம், பறிபோனது வேலை மட்டும். வென்றவர் தம் திட்டத்தை நிறைவேற்றத் தம் ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. பழைய தலைமையின் ஆட்களே அலுவலகம் முழுக்க நிறைந்திருந்தால், ஓட்டுப் போட்டு மாற்றியதற்குப் பொருளில்லை. ஆனால் கொள்கை வகுக்காத எழுத்தருக்கும் தட்டச்சருக்கும் இது பொருந்துமா என்பதை நீதிபதி பிளாக்மன் தனிக் குறிப்பில் திறந்தே விட்டார்.

ஏழு ஆண்டு கழித்து மறுபக்கம் வந்தது. உலோகத் தகட்டுத் தொழிலாளர் சங்கத்தின் ஒரு கிளைக்கு எட்வர்ட் லின் என்பவர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிளை கடனில் மூழ்கவே, மேலிடம் ஒருவரை அனுப்பிப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. வந்தவர் சந்தாவை உயர்த்தத் தீர்மானம் கொண்டுவந்தார். லின் கூட்டத்தில் எதிர்த்துப் பேசினார், தீர்மானம் தோற்றது. ஐந்தாம் நாள் லின் பதவி போயிற்று. 1989இல் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்றது. தேர்ந்தெடுக்கப்பட்டவரை வாய் திறந்ததற்காக நீக்கினால் அவரை அனுப்பிய அத்தனை பேரின் குரலும் சேர்ந்து அடங்குகிறது என்பது நீதிபதி மார்ஷல் சொன்ன காரணம். ஆக, நியமனம் பெற்றவரை நீக்கலாம். ஓட்டால் வந்தவரை நீக்கக் கூடாது. கோடு தெளிவானதுதான். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள்தான் பெரும்பாலானவர்கள்.

அதே 1989இல் வந்த இன்னொரு தீர்ப்பு இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே கனமானது அதுதான். கட்டுமானத் தொழில்களில் வேலை நேரடியாகக் கம்பெனியிலிருந்து வருவதில்லை. சங்கத்தின் கூடத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆள் கேட்கும்போது சங்க நிர்வாகி பெயர் சொல்லி அனுப்புவார். ஒஹையோவில் பிரெய்னிங்கர் என்ற தகட்டுத் தொழிலாளி, கிளைத் தேர்தலில் நிர்வாகியின் எதிரியை ஆதரித்ததால் தமக்கு வேலை வருவதே இல்லை என்று வழக்குப் போட்டார். வேறு கம்பெனிகள் அவர் பெயரையே சொல்லிக் கேட்டும் அனுப்பவில்லை என்பது அவர் புகார். உச்ச நீதிமன்றம், சங்கம் எல்லோருக்கும் நேர்மையாக நடக்கும் கடமையை மீறியதா என்ற வாதத்தை அவர் தொடரலாம் என்றது. ஆனால் லேண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் தடுக்கும் தண்டனை இது அல்ல என்று விட்டது. சங்கம் அமைப்பாகக் கூடி முறைப்படி விதிப்பதுதான் அந்தச் சட்டத்தில் தண்டனையாம்; ஒரு நிர்வாகி தனக்குள் வைத்த வஞ்சம் அதில் சேராதாம்.

பழிவாங்குகிறவர் விசாரணைக் குழு கூட்டித் தீர்மானம் போட்டுப் பழிவாங்குவதில்லை. பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரைத் தாண்டிப் போவார், அவ்வளவுதான். சட்டம் உறுப்பினர் அட்டையைக் காத்தது. அட்டைக்காரரின் பிழைப்பு அந்தக் காவலுக்கு வெளியே நின்றது. கூட்டத்தில் கை தூக்கலாமா என்று யோசிக்கும் தொழிலாளி அட்டையை நினைத்து அஞ்சுவதில்லை. வீட்டு வாடகையை நினைத்துத்தான் அஞ்சுகிறார். இந்த வழக்குகளை வரிசையாகப் பார்த்தால் இந்த இடைவெளி திரும்பத் திரும்பத் தெரிகிறது.

இரண்டாவது இடைவெளி காலம். தேர்தல் முறைகேடு என்றால் உறுப்பினர் முதலில் சங்கத்துக்குள்ளேயே முறையிட வேண்டும். மூன்று மாதத்தில் முடிவில்லையென்றால், ஒரு மாதத்துக்குள் தொழிலாளர் அமைச்சருக்கு எழுத வேண்டும். அவர் விசாரித்து, காரணம் இருப்பதாகக் கண்டால் 60 நாளில் வழக்குத் தொடுப்பார். அதன்பின் நீதிமன்றம். முறைகேடு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. முடிவை அது மாற்றியிருக்கக் கூடும் என்றும் காட்ட வேண்டும். இவ்வளவும் நடக்கும் வரை வென்றதாக அறிவிக்கப்பட்டவரே நாற்காலியில் இருப்பார், யார் யார் புகார் கொடுத்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நடந்துகொண்டிருக்கும் தேர்தலை உறுப்பினர் வழக்கால் நிறுத்துவதற்கு 1984இல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்டக் கதவடைத்துவிட்டது. ஐக்கிய ஆட்டோ தொழிலாளர் சங்கத்தில் 1986இல் வட்டார இயக்குநர் பதவிக்கு நின்ற ஜெரி டக்கர், ஒரு பிரதிநிதியின் ஓட்டில் ஒரு பகுதி அளவே வித்தியாசத்தில் தோற்றார். அரசு தொடுத்த வழக்கில் மறுதேர்தல் வந்து அவர் 1988இல் வென்றபோது பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தது.

எல்லாப் புகாரும் உண்மையல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கணக்கில் தவறு செய்து நீக்கப்பட்டவரும், வேலை செய்யாமல் நீக்கப்பட்டவரும் நான் எதிரணி என்பதால்தான் என்று சொல்வதுண்டு. உண்மையும் சாக்கும் பின்னிக் கிடக்கும் வழக்குகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் சுகாதாரத் தொழிலாளர் கிளையை, அதன் தாய்ச் சங்கமான எஸ்.இ.ஐ.யூ. 2009 ஜனவரியில் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கிளைத் தலைவர் சால் ரொசெல்லி, தேசியத் தலைவர் ஆண்டி ஸ்டெர்னை நெடுநாள் வெளிப்படையாக விமர்சித்தவர். ரொசெல்லி தரப்பு இதை அரசியல் பழிவாங்கல் என்றது. விசாரணை அதிகாரியாக அமர்த்தப்பட்ட முன்னாள் தொழிலாளர் அமைச்சர் ரே மார்ஷல், நிதி தொடர்பான குற்றச்சாட்டுகளுக்காக மட்டும் கிளையை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்றார். ஆனால் 65,000 நீண்டகாலப் பராமரிப்புத் தொழிலாளர்களை வேறு கிளைக்கு மாற்றும் முடிவுக்குக் கிளை பணியாவிட்டால் எடுக்கலாம் என்றார். கிளை பணியவில்லை. நீக்கப்பட்டவர்கள் புதிய சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் பழைய சங்கத்தின் வளத்தைத் தம் போராட்டத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று 2010இல் நடுவர் குழு 15 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. இதில் எது ஒழுங்கு நடவடிக்கை, எது வஞ்சம் என்று ஒரே வரியில் சொல்ல என்னால் முடியாது. அந்த 65,000 பேரிடம் நீங்கள் எந்தக் கிளையில் இருக்க விரும்புகிறீர்கள் என்று நம்பகமான ஓர் ஓட்டெடுப்பு நடந்திருந்தால் பாதி வழக்கு எழுந்திருக்காது என்பது மட்டும் தெரிகிறது.

பழிவாங்கல் ஏன் இவ்வளவு கடுமையாகிறது என்ற கேள்விக்கு நல்ல விடை ஒரு பழைய ஆய்விலிருந்து கிடைக்கிறது. சீமூர் மார்ட்டின் லிப்செட், மார்ட்டின் டிரோ, ஜேம்ஸ் கோல்மன் மூவரும் அச்சுக்கோப்பாளர் சங்கத்தை ஆராய்ந்து 1956இல் ஒரு நூல் எழுதினார்கள். லிப்செட்டின் தந்தையே அச்சகத் தொழிலாளி. அந்தச் சங்கத்தில் இரண்டு கட்சிகள் முறையாக மோதின. ஆட்சி மாறி மாறி வந்தது. பெரிய அமைப்பு எதுவானாலும் சிலரின் ஆட்சியாகத்தான் முடியும் என்று ராபர்ட் மிஷெல்ஸ் 1911இல் எழுதியதற்கு இது விதிவிலக்காக நின்றது. காரணங்களில் ஒன்று: தலைவரின் சம்பளமும் மதிப்பும் கோப்பாளரின் சம்பளத்தையும் மதிப்பையும்விட அதிகம் உயரவில்லை. தோற்றவர் அச்சகத்துக்குத் திரும்பினார், வாழ்க்கை சரியவில்லை. மற்றச் சங்கங்களில் தோற்ற தலைவர் பல மடங்கு சம்பளத்திலிருந்து இயந்திரத்தின் முன்னே திரும்பி நிற்க வேண்டும். அந்த அச்சம்தான் எதிர்ப்பை முளையிலேயே நசுக்கச் சொல்கிறது. தலைவர்களின் சம்பள உயர்வை நிதிப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழிவாங்கல் கெட்டவர்கள் மட்டும் செய்வதும் அல்ல. டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் ஷான் ஓப்ரயன், 2013இல் ரோட் ஐலண்ட் கிளையில் எதிரணியை ஆதரித்தவர்களை மிரட்டும்படி பேசியதற்காக 14 நாள் தற்காலிக நீக்கம் பெற்றார். 2017இல் யூ.பி.எஸ். பார்சல் கம்பெனியுடனான பேச்சுவார்த்தைக் குழுவில் எதிரணித் தலைவர்களையும் சேர்க்க வேண்டும் என்று அவரே நின்றார். தலைவர் ஹோஃபா அவரை அந்தப் பொறுப்பிலிருந்து தூக்கினார். 2021இல் சீர்திருத்த அணியின் ஆதரவோடு ஓப்ரயன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மிரட்டியவரும் பழிவாங்கப்பட்டவரும் ஒரே மனிதர். யார் நாற்காலியில் அமர்ந்தாலும் நாற்காலிக்குக் கடிவாளம் வேண்டும் என்று வாதிட எனக்கு இந்த ஒரு வாழ்க்கை போதும்.

ஆட்டோ தொழிலாளர் சங்கத்தின் அண்மைய வரலாறு இதைத்தான் காட்டுகிறது. முன்னாள் தலைவர்கள் இருவர் ஊழல் குற்றத்தை ஒப்புக்கொண்டபின், 2021இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆறு ஆண்டுக்கு ஒரு வெளிக் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார்: வழக்கறிஞர் நீல் பரோஃப்ஸ்கி. தலைமையை மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்த முறை போய், ஒவ்வொரு உறுப்பினரும் நேரடியாக ஓட்டுப் போடும் முறை பொது வாக்கெடுப்பில் வென்றது. 2023 மார்ச்சில் ஷான் ஃபெய்ன் 500க்கும் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தலைவரானார். அந்த ஆண்டு மூன்று பெரிய கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் நடத்தி 25 சதவீத ஊதிய உயர்வு பெற்றதை நான் பெருமையோடு நினைக்கிறேன்.

அதே ஃபெய்ன் தலைமையில், 2024 பிப்ரவரியில் செயலாளர்-பொருளாளர் மார்கரெட் மாக்கின் பொறுப்புகளில் பல செயற்குழுத் தீர்மானத்தால் எடுக்கப்பட்டன. மே மாதம் துணைத் தலைவர் ரிச் பாயரிடமிருந்து ஸ்டெலான்டிஸ் கார் கம்பெனிக்கான பிரிவு எடுக்கப்பட்டது. இருவரும் ஃபெய்னின் அணியிலேயே நின்று வென்றவர்கள். சங்கத்தைப் புதிய திசையில் கொண்டுபோகும்போது பழைய நிலையை விரும்புபவர்கள் வருந்துவார்கள் என்பதுபோல ஃபெய்ன் அப்போது பதில் சொன்னார். மாக் தேவையான செலவுகளுக்குத் தடைபோடுகிறார் என்பது அவர் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. கண்காணிப்பாளர் கடிதங்களையும் செய்திப் பரிமாற்றங்களையும் வாங்கிப் படித்து, பலரை விசாரித்து, 2025 ஜூனில் அறிக்கை தந்தார். ஊழலுக்குப் பின் வகுக்கப்பட்ட நிதி விதிகளைத்தான் மாக் கடைப்பிடித்தார், சொல்லப்பட்ட காரணங்கள் பொய்ச் சாக்கு, நடந்தது பழிவாங்கல் என்று முடிவுசெய்து, பொறுப்புகளைத் திருப்பித் தரப் பரிந்துரைத்தார்.

லின் வழக்கு போல் ஆறு ஆண்டுக்கு மேல் ஆகவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் முடிவு வந்தது. கடிதங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஒருவரிடம் இருந்ததால், சாக்கும் காரணமும் அருகருகே வைக்கப்பட்டன. தலைமைக்குக் கடன்படாத ஒருவர், பதவிக்காலம் முடியுமுன் விசாரிக்கும் ஏற்பாடு சங்கத்தின் சொந்த விதிகளிலேயே, சங்கத்தின் செலவிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அரசு அனுப்பும் கண்காணிப்பாளர் நிரந்தரமானவர் அல்ல, அவர் நிரந்தரமாக இருப்பதைச் சங்கத்தை நேசிக்கும் யாரும் விரும்பவும் முடியாது. உடன்பாட்டின் ஆறு ஆண்டுக் கெடு முடிந்து அவர் விலகினால், மாக் கொடுத்ததைப் போன்ற அடுத்த புகாரை முதலில் கையில் வாங்கப் போவது, மாக்கின் பொறுப்புகளைப் பறிக்கத் தீர்மானம் நிறைவேற்றிய அதே செயற்குழுதான்.